பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம்: கேட்பதற்கும் வாங்குவதற்கும் ஒரு வழிகாட்டி

பீட்டில்ஸ் பாட்டெல்லாம் பிடிக்கும், ஆனால் இந்த வெள்ளை ஆல்பம் மட்டும் பிடிபடவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. காரணம் எளிது. 30 பாட்டு, 93 நிமிடம், இரண்டு எல்.பி. தட்டு. ராக் அண்ட் ரோல் முடிந்ததும் தாலாட்டு மாதிரி ஒன்று, அடுத்து ப்ளூஸ், அடுத்து 1920-களின் நாடக மேடைப் பாட்டு, நடுவில் எட்டு நிமிடத்துக்கு மேல் வெறும் ஒலிக் கலவை. யாரும் சொல்லித் தராமல் உள்ளே போனால் பாதியில் வெளியே வந்துவிடுவோம். பிடித்துப்போன பிறகு தட்டாக வாங்கலாம் என்று இறங்கினால் அங்கே வேறு தலைவலி: எந்தப் பதிப்பு, என்ன விலை, கஸ்டம்ஸில் என்ன கேட்பார்கள், எத்தனை நாளாகும். இரண்டிலும் அலைந்து தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாகத் தருகிறேன். பதிவு நடந்தபோது ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ என்ற நால்வருக்குள் நடந்த சண்டையெல்லாம் இங்கே கிடையாது. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பழகாமல் பணம் போடாதீர்கள். 1 முதல் 2 வரை செலவே இல்லாத வேலை. அது முடிந்த பிறகு 3-க்குப் போங்கள்.

1. சரியான ஆல்பத்தைத் தேடி எடுங்கள், ஆப்பின் செட்டிங்கை மாற்றுங்கள்

'வெள்ளை ஆல்பம்' என்பது செல்லப்பெயர்தான். உறையில் இருக்கும் பெயர் 'தி பீட்டில்ஸ்' மட்டுமே. இதனால் தேடும்போது குழப்பம் வரும். 1968 நவம்பர் 22 அன்று இங்கிலாந்தில் வெளியானது என்ற ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு தேடினால் தப்பாது.

ஸ்ட்ரீமிங்கில் இரண்டு முகத்தில் இருக்கும். ஒன்று பழைய ஸ்டீரியோ கலவையை 2009-இல் துடைத்துச் சுத்தம் செய்த ரீமாஸ்டர். இன்னொன்று தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஒகெல்லும் மூல டேப்புகளிலிருந்து புதிதாகக் கலந்து 2018-இல் வந்த ரீமிக்ஸ். புதியவர்களுக்கு நான் சொல்வது 2018. டிரம்ஸும் பேஸும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இயர்போனில் கேட்கும்போது ஒரு காதில் குரலும் மறு காதில் வாத்தியமும் என்ற தொல்லை குறைவு. பழகிய பிறகு 2009-க்கும் போய்ப் பாருங்கள், சிலருக்கு அதுதான் பிடிக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. 2018-இன் பெரிய பதிப்பில் 107 டிராக்குகள். அதைத் திறந்து ஓடவிட்டால், 30 பாட்டு முடிந்ததும் டெமோவும் ஒத்திகையும் வந்துகொண்டே இருக்கும், ஆல்பம் எங்கே முடிந்தது என்றே தெரியாது. 'குட் நைட்' என்ற பாட்டோடு ஆல்பம் முடிகிறது. அதற்குப் பிறகு வருவது உபரி.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடு இருந்தால் அதையும் அணையுங்கள். 'பேக் இன் தி யூ.எஸ்.எஸ்.ஆர்.' முடியும்போது கேட்கும் ஜெட் விமானச் சத்தத்துக்குள்ளிருந்துதான் 'டியர் புரூடென்ஸ்' கிதார் மெல்ல எழும்பும். ஆப் தன் இஷ்டத்துக்கு இரண்டையும் குழைத்தால் அந்த இடமே போய்விடும். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியும் வேண்டாம். மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மிகச் சன்னமாகத்தான் இருக்க வேண்டும். அதை ஆப் தூக்கிக் கொடுக்கக் கூடாது.

2. பக்கம் பக்கமாகக் கேளுங்கள்

வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. இது 93 நிமிட ஆல்பம் இல்லை. தலா 23 நிமிடம் போல நான்கு நிகழ்ச்சிகள். தட்டைத் திருப்பிப் போட வேண்டிய காலத்தில், அந்த இடைவெளியைக் கணக்கில் வைத்தே பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். சிடியும் ஸ்ட்ரீமிங்கும் அந்த இடைவெளியை அழித்துவிட்டன. நீங்களே திரும்பக் கொண்டுவாருங்கள். நான்கு பிளேலிஸ்ட் போட்டுக்கொள்வது எளிது: முதல் 8 பாட்டு ஒன்று, அடுத்த 9 ஒன்று, அடுத்த 7 ஒன்று, கடைசி 6 ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

விதவிதமான பாட்டு ஒன்றாக இருப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஒரே படத்தில் தாலாட்டும் குத்துப்பாட்டும் கிளப் டான்ஸும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே கதை என்ற நூல் எல்லாவற்றையும் கோத்துவிடும். இங்கே கதை இல்லை. பதிலுக்குக் குரல்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் முன்னால் பாடுகிறாரோ அவர் எழுதிய பாட்டு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வரும். முக்கிய விலக்கு கடைசிப் பாட்டு: எழுதியது ஜான் லென்னன், பாடுவது ரிங்கோ ஸ்டார். ஜார்ஜ் ஹாரிசனின் நான்கு பாட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஜானுடைய கடைசி மூன்றைத் தவிர, எழுதினவர் ஒருவருடைய பாட்டு இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வராது. இந்தக் கணக்கு தெரிந்தால் ஆல்பம் அவ்வளவு கலைந்ததாகத் தோன்றாது.

கேட்கும் வரிசையை மட்டும் நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன்: முதலில் இரண்டாம் பக்கம், பிறகு முதல் பக்கம், பிறகு மூன்று, கடைசியில் நான்கு.

இரண்டாம் பக்கம். மெட்டு சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பாட்டுகள் இங்கேதான் அதிகம். பால் மெக்கார்ட்னி தன் நாயின் பெயரை வைத்து எழுதிய 'மார்த்தா மை டியர்' பியானோவில் தொடங்கும். 'பிளாக்பேர்டு' ஒரே கிதார், ஒரே குரல். பின்னால் 'டக் டக்' என்று கேட்பது மெட்ரோனோம் இல்லை, பாடிக்கொண்டே பால் காலால் தட்டும் சத்தம். இயர்போனில் கவனியுங்கள், செருப்பு தரையில் படுவது தெரியும். கறுப்புப் பறவை, பன்றி, ரக்கூன் என்று பிராணிகளின் பெயரில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வரும். அதில் 'பிக்கீஸ்' ஹார்ப்சிகார்டு என்ற பழைய ஐரோப்பியக் கட்டை வாத்தியத்தை வைத்து ராஜசபை இசை மாதிரி ஆரம்பித்து, ஆளை நன்றாகக் கிண்டலடிக்கும். 'டோன்ட் பாஸ் மீ பை' ரிங்கோ தனியாக எழுதி வெளிவந்த முதல் பாட்டு. அதை விட்டுக்கொடுத்துத்தான் கேட்க வேண்டும். பக்கம் முடிவது 'ஜூலியா'வில். ஜான் தன் இறந்துபோன அம்மாவை நினைத்து, கூட யாரும் இல்லாமல் தனியாகப் பாடியது. இந்தப் பக்கம் உங்களுக்கு ஒட்டவே இல்லை என்றால் மீதிக்குப் போகாமல் நிறுத்திவிடலாம், தப்பில்லை.

முதல் பக்கம். இங்கே தடுக்கிவிடும் பாட்டு 'கிளாஸ் ஆனியன்'. அது பீட்டில்ஸின் பழைய பாட்டுகளைப் பெயர் சொல்லி இழுக்கும். 'ஸ்டிராபெரி ஃபீல்ட்ஸ்', 'ஐ ஆம் தி வால்ரஸ்', 'லேடி மடோனா' எல்லாம் கேட்டிராதவருக்கு அதில் பாதி புரியாது. முன்கூட்டியே இந்த மூன்றையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், பத்து நிமிடச் செலவு. 'வைல்டு ஹனி பை' ஒரு நிமிடம்கூட வராது. அதை வைத்து ஆல்பத்தை எடை போடாதீர்கள். 'ஒப்லாடி ஒப்லடா' பலருக்கும் முன்பே தெரிந்திருக்கும். பக்கத்தின் பலம் கடைசி இரண்டில் இருக்கிறது. 'வைல் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்'-இல் அழுகிற அந்த லீட் கிதாரை வாசித்தது பீட்டில்ஸில் இல்லாத கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், உறையில் பெயர் போடாமல். அடுத்த 'ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன்' மூன்று நிமிடத்துக்குள் நாலு பாட்டு மாதிரி உருமாறும். தாளம் மாறும் இடங்களில் விரலால் எண்ணிப் பார்த்தால் கைதான் சிக்கும். இரட்டை ஆல்பம் முழுக்க நடப்பதன் சுருக்கம் இந்த ஒரே பாட்டில் இருக்கிறது என்பேன்.

மூன்றாம் பக்கம். சத்தமாக வையுங்கள். 'பர்த்டே', 'யெர் ப்ளூஸ்' இரண்டும் நால்வரும் ஒரே இடத்தில் நின்று வாசிக்கும் சூடு தெரிகிற பாட்டுகள். நடுவில் 'மதர் நேச்சர்ஸ் சன்' மூச்சுவிட இடம் தரும். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' இந்த ஆல்பத்தின் மிகக் கனத்த பாட்டு. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்பி வரும். கடைசியில், விரலில் கொப்புளம் வந்துவிட்டது என்று கத்துகிறவர் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ.

உடனே அடுத்து வரும் 'லாங், லாங், லாங்' காதில் விழாத அளவுக்கு மெல்லியது. வால்யூமைக் கூட்டாதீர்கள், காது தானாகச் சரிசெய்துகொள்ளும்வரை பொறுங்கள். முடிவில் கடகடவென்று ஏதோ அதிரும். ஆர்கன் ஒலிக்கும்போது ஸ்பீக்கர் பெட்டிமேல் இருந்த ஒயின் பாட்டில் நடுங்கிய சத்தம் அது. யாரோ அதை நிறுத்தாமல் பதிவோடு வைத்துக்கொண்டார்கள். ஜார்ஜின் பாட்டுகளில் எனக்கு இதுதான் முதல்.

நான்காம் பக்கம். 'ரெவல்யூஷன் 1' நீங்கள் வேறெங்கோ கேட்ட வேகமான 'ரெவல்யூஷன்' இல்லை. அது 'ஹே ஜூட்' சிங்கிளின் மறுபக்கத்தில் வந்தது. இந்த ஆல்பத்தில் இருப்பது மெதுவான வடிவம். 'ஹே ஜூட்'டையும் இங்கே தேடாதீர்கள், அது ஆல்பத்தில் கிடையாது. 'ஹனி பை'யில் பழைய தட்டு கீறும் சத்தத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள், உங்கள் இயர்போன் கெடவில்லை. 'சவாய் டிரஃபிள்' ஒரு சாக்லேட் டப்பாவின் மூடியில் இருந்த பெயர்களை வைத்தே எழுதியது. 'க்ரை பேபி க்ரை' முடிந்ததும் பட்டியலில் இல்லாத ஒரு துண்டுப் பாட்டு ஓடும்.

பிறகு 'ரெவல்யூஷன் 9'. எட்டு நிமிடம் இருபது விநாடி போல. மெட்டு இல்லை, பாட்டு இல்லை. டேப் துண்டுகள், பேச்சு, கூட்டக் கூச்சல், 'நம்பர் நைன்' என்று திரும்பத் திரும்ப ஒரு குரல். என் ஆலோசனை: முதல் தடவை கட்டாயம் முழுக்கக் கேளுங்கள், இயர்போனில், விளக்கணைத்து. சத்தம் இடமிருந்து வலம் ஓடுவது அப்போதுதான் தெரியும். இதைத் தாண்டி வந்தவருக்குத்தான் அடுத்து வரும் ஆர்கெஸ்ட்ரா தாலாட்டு 'குட் நைட்' இனிக்கும். தாண்டாமல் வந்தால் அது அசட்டுத் தித்திப்பாகத் தோன்றும். இரண்டாம் தடவையிலிருந்து தாண்டிப் போவதும் போகாததும் உங்கள் பாடு. நான் தாண்டிவிடுவேன்.

நான்கும் ஆனபிறகு, ஒரு விடுமுறை நாளில் 1, 2, 3, 4 என்று அசல் வரிசையில், பக்கத்துக்குப் பக்கம் எழுந்து நடந்துவிட்டு வந்து கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து 'ஈஷர் டெமோ' எனப்படும் 27 டிராக்குகளுக்குப் போகலாம். ஸ்டுடியோவுக்குப் போகும்முன் 1968 மே மாதத்தில் ஈஷர் என்ற ஊரில் இருந்த ஜார்ஜ் வீட்டில் உட்கார்ந்து கிதாரோடு பாடி வைத்தவை. பெரும்பாலானவை தியானம் கற்கப் போய் ரிஷிகேசத்தில் இருந்தபோது உருவான பாட்டுகள் என்பது அதைக் கேட்டால் நன்றாகவே புரியும்: கையில் ஒரு கிதார் தவிர வேறெதுவும் தேவைப்படாத பாட்டுகள். ஆல்பத்துக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டாம். எலும்பைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தால் ரசிக்காது.

3. எந்தப் பதிப்பு வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்

கேட்பதற்கு மட்டும் என்றால் 2018 ரீமிக்ஸ் போதும். மூன்று சிடி பதிப்பில் ஆல்பமும் ஈஷர் டெமோவும் இருக்கும். எல்.பி.யில் இரண்டு தட்டுப் பதிப்பும், டெமோவும் சேர்ந்த நான்கு தட்டுப் பெட்டியும் உண்டு. ஆறு சிடியும் ஒரு ப்ளூ-ரேயும் தடித்த புத்தகமும் கொண்ட பெரிய பெட்டி, வெறி பிடித்த பிறகு வாங்க வேண்டியது.

செலவு குறைய வேண்டுமென்றால் பழைய சிடிக்குப் போங்கள். எடை குறைவு, தபால் செலவு குறைவு, உடையும் பயம் குறைவு. ஒலியில் 1987 சிடியை விட 2009 சிடி தேவலை.

மோனோ (இடம், வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக) வேண்டும் என்பவர்களுக்கு: மோனோ கலவை தனியாகச் செய்யப்பட்டது; வித்தியாசம் நிஜமாகவே கேட்கும். மோனோ 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்பே முடிந்துவிடும், ரிங்கோவின் கத்தல் கிடையாது. 'டோன்ட் பாஸ் மீ பை' வேகமாக ஓடும். 2014-இல் வந்த மோனோ எல்.பி. நல்ல அச்சு, இப்போது கடையில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். முதல் பதிப்பாக மோனோவை வாங்க வேண்டாம். வித்தியாசம் தெரிய, முதலில் ஸ்டீரியோ மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.

4. பிளேயரைப் பாருங்கள்

தட்டின் விலையை மட்டும் கணக்குப் போடுபவர்கள் இங்கே மாட்டுவார்கள். பெட்டி மாதிரி மூடி எடுத்துப்போகும் மலிவு பிளேயர்களில் முள்ளின் அழுத்தம் அதிகம், குறைக்கவும் வழியிருக்காது. ஐந்து கிராம் அழுத்தும் முள்ளில் விலை உயர்ந்த பழைய தட்டை ஓட்டாதீர்கள். முள்ளைத் தாங்கும் பாகமான சாதாரண மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் அளவில்தான் அழுத்தம் இருக்கும். பிளேயருக்குள்ளேயே, முள் தரும் சன்னமான ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஸ்பீக்கரில் இணைத்தால் எறும்பு பாடுவதுபோல் கேட்கும், தட்டு மேல் பழி விழும்.

5. 1968 அச்சுதான் வேண்டுமென்றால்: சரிபார்க்க வேண்டியவை

ஆசை இங்கே வந்து நிற்கும் என்று தெரியும். ஓவியர் ரிச்சர்டு ஹாமில்டன் வடிவமைத்த அந்த உறை முழுவெள்ளை. பெயர்கூட அச்சு இல்லை. அட்டையை உள்ளிருந்து எழுப்பி, கொஞ்சம் சாய்வாக. விரலால் தடவினால்தான் நன்றாகத் தெரியும். வலது கீழ்ப்பக்கம் ஒரு வரிசை எண்.

அந்த எண்ணில்தான் பணம் போகிறது. ரிங்கோ வைத்திருந்த 0000001 பிரதி 2015 டிசம்பரில் அமெரிக்க ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போனது. அதைப் படித்துவிட்டு எண் போட்ட உறை எல்லாம் புதையல் என்று எண்ண வேண்டாம். லட்சக்கணக்கில் எண் போட்டார்கள். இங்கிலாந்துக்கு ஒரு வரிசை, அமெரிக்காவுக்கு வேறு வரிசை. ஆறு இலக்கத்தில் எண் இருந்தால் தட்டின் நிலைமைதான் விலையைத் தீர்மானிக்கும்.

விற்பவரிடம் பணம் கொடுக்குமுன் படம் கேட்டு வாங்குங்கள். படம் அனுப்பத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவை:

கேட்டலாக் எண். இங்கிலாந்து மோனோ என்றால் பி.எம்.சி. 7067-8, ஸ்டீரியோ என்றால் பி.சி.எஸ். 7067-8. அமெரிக்கப் பதிப்பு எஸ்.டபிள்யூ.பி.ஓ. 101, அது ஸ்டீரியோ மட்டுமே. 'அமெரிக்க மோனோ' என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

தட்டின் உள்வளையத்தில் பொறித்த எண். இங்கிலாந்து மோனோவுக்கு எக்ஸ்.இ.எக்ஸ். 709 முதல் 712 வரை, ஸ்டீரியோவுக்கு ஒய்.இ.எக்ஸ். 709 முதல் 712 வரை. உறை ஒன்றாகவும் தட்டு வேறாகவும் இருப்பது சகஜம். நான்கு பக்கத்துக்கும் படம் கேளுங்கள்.

உறை திறக்கும் இடம். முதல் இங்கிலாந்து உறைகளில் தட்டை மேலிருந்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் எடுப்பது பின்னால் வந்தது.

உள்ளே இருக்க வேண்டியவை. பின்பக்கம் பாடல் வரிகள் அச்சிட்ட ஒரு பெரிய போஸ்டர், நால்வரின் தனித்தனி வண்ணப் படங்கள் நான்கு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலை இறங்க வேண்டும். போஸ்டரை விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; மடிப்பில் கிழிந்ததும் சுவரில் ஒட்டிய டேப் தழும்பும் அப்போதுதான் தெரியும்.

வெள்ளை நிறத் தட்டு இருந்தால் அதுதான் ஒரிஜினல் என்று சிலர் நம்பவைப்பார்கள். 1968 தட்டு கறுப்புதான். வெள்ளைத் தட்டு 1970-களின் கடைசியில் வந்த மறுபதிப்பு. அதுவும் சேகரிக்கத் தகுந்ததே, ஆனால் விலை வேறு.

கடைசியாகத் தரக் குறியீடு. பழைய தட்டுச் சந்தையில் 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. கீறலும் இரைச்சலும் நிறைய என்று பொருள். 'வி.ஜி. பிளஸ்' (வெரி குட் பிளஸ்) என்பதற்குக் கீழே இறங்காதீர்கள். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என இரண்டும் தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். வெள்ளை உறையில் பழுப்பும் தட்டின் வட்டத் தடமும் விழாத பிரதி குறைவு. அதற்காக அதிகம் கொடுப்பதைவிட, தட்டுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். 'ஜூலியா', 'பிளாக்பேர்டு', 'லாங், லாங், லாங்' மூன்றும் ஓடும்போது கீறல் சத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். சத்தமான பாட்டில் எதுவும் தெரியாது, இவற்றில் எதையும் மறைக்க முடியாது.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தல்: காகிதம், காசு, காலம்

முதலில் உள்நாட்டுக் கடைகளில் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் வரியும் தபாலும் அதிலேயே அடங்கிவிடும். வெளிநாட்டு விலையோடு வெறுமனே ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

பழைய அச்சு என்றால் வெளிநாடுதான். அப்போது கணக்கு இப்படிப் போடுங்கள். தட்டு 40 பவுண்டு, தபால் 25 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சுங்கவரி 40-க்கு இல்லை, தபால் செலவும் சேர்ந்த 65-க்கு. அதோடு கூரியர் தன் பங்குக்கு ஒரு கிளியரன்ஸ் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் போடும். உங்கள் வங்கி அந்நியச் செலாவணி மார்க்அப் என்று 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும். தனிநபர் இறக்குமதிக்கான வரி விகிதம் மாறக்கூடியது என்பதால், ஆர்டர் போடும் வாரத்தில் கூரியரின் வாடிக்கையாளர் சேவையிடம் 'சொந்த உபயோகத்துக்கு ஒரு இசைத்தட்டு' என்று சொல்லி அன்றைய விகிதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

புதிய தட்டை இங்கிலாந்துக் கடையிலிருந்து எடுத்தால், அந்நாட்டு 20 சதவீத வாட் வரி கழிக்கப்பட்டதா என்று செக்-அவுட்டில் பாருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு அதைக் கழிக்கும் கடைகள் உண்டு. முகவரியில் இந்தியா என்று போட்ட பிறகுதான் விலை இறங்கும்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். வங்கி ஆப்பில் போய் முதலில் திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

தயாராக வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்: ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான் கார்டு, விற்பவரின் இன்வாய்ஸ், பணம் செலுத்திய ரசீது அல்லது கார்டு ஸ்டேட்மென்ட், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். கடைசியாகச் சொன்னதை யாரும் முன்கூட்டி எடுப்பதில்லை. விற்றதும் அந்தப் பக்கம் மாறிவிடும். மதிப்பை நிரூபிக்கச் சொல்லும்போது கையில் ஒன்றும் இருக்காது. எனக்கு வந்த பார்சல் கிடந்தது இந்த ஒரு காகிதத்துக்காகத்தான்.

ஆர்டரில் போடும் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இன்ஷியல் முன்னால், பின்னால் என்று மாறினாலே கே.ஒய்.சி. நின்றுபோகும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தனித் தொல்லை.

'கிஃப்ட்' என்று போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். பரிசுப் பொருளுக்கான பழைய சலுகை 2019 டிசம்பரிலேயே ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது; மாட்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்வதும் வேண்டாம். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் இழப்பீடாக வரும். ஒரே பெட்டியில் ஒரே ஆல்பத்தின் இரண்டு மூன்று பிரதி வரவழைத்தால் வியாபாரத்துக்கா என்ற கேள்வி எழும். ஒன்றே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்' என்று குறுஞ்செய்தி வரும். நிஜமானதும் அப்படித்தான் வரும் என்பதுதான் சங்கடம். லிங்க்கைத் தொடாமல், கூரியரின் சொந்த இணையதளத்தில் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்து, வரிப் பிரிவினை காட்டும் ரசீது இருந்தால் மட்டும் கட்டுங்கள். நிஜமாகவே நிற்கிறது என்றால் அன்றே பதில் போடுங்கள். தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும்.

காலம். கூரியர் ஒரு வாரம் பத்து நாளில் கொண்டுவந்துவிடும், காசு அதிகம். தபால் மலிவு, மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். மத்தியான வெயிலில் வண்டிக்குள் கிடக்கும் தட்டு அப்பளம்போல் நெளிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் அட்டை ஈரம் குடிக்கும், டிசம்பரில் தபால் நெரிசல் வேறு. ஜனவரி, பிப்ரவரியில் வருமாறு பார்த்துக்கொண்டால் நல்லது.

அனுப்புபவரிடம் ஒரு வரி எழுதுங்கள்: தட்டுகளை உறைக்கு வெளியே எடுத்து வைத்து, இரு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டவும். உள்ளேயே இருந்தால் வழியில் ஆடி, உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வெள்ளை உறையில் அந்தக் கிழிசல் பளிச்சென்று தெரியும்.

7. பார்சல் வந்த அன்றே செய்ய வேண்டியது

பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து. தட்டு இரண்டு, போஸ்டர் ஒன்று, படம் நான்கு என்று எண்ணுங்கள். போஸ்டரைப் பழைய மடிப்பின் வழியாகவே திறந்து, அதே மடிப்பில் மூடுங்கள். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடவும்; இந்த உறையில் எண்ணெய்க் கை பட்டால் போகாது.

வெயிலில் வந்த பார்சல் என்றால் அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து, பிறகு தட்டைத் துடைத்து நான்கு பக்கமும் ஓட்டுங்கள். மேலே சொன்ன மூன்று மெல்லிய பாட்டுகளில் ஏதாவது ஓரிடத்தில் முள் துள்ளினால் நிமிடம், விநாடி குறித்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு எழுதும்போது 'நன்றாக இல்லை' என்பதற்கு மதிப்பில்லை. 'இரண்டாம் பக்கம், 6-ஆவது நிமிடத்தில் துள்ளுகிறது' என்பதற்குப் பதில் வரும். 'ரெவல்யூஷன் 9'-இல் ஏதோ துள்ளுகிறது என்று புகார் எழுதும்முன் மட்டும் ஸ்ட்ரீமிங்கில் அதே இடத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்காதீர்கள். வெள்ளை உறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம். தட்டுக்குப் புது உள்ளுறை போட்டு, பழைய கறுப்பு உள்ளுறை இருந்தால் எறியாமல் பின்னால் சேர்த்து வையுங்கள். திரும்ப விற்க நேர்ந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. புகார் செய்யும் கெடு தளத்துக்குத் தளம் வேறுபடும், வந்த அன்றே அந்தத் தேதியை மொபைலில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.